லிங்க்ஸ் பூனைக்குத் துணை தேட வேண்டாம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் சுற்றுவது, பனிக்காட்டில் தனியாக நடக்கும் லிங்க்ஸ் என்ற பெரிய காட்டுப் பூனையின் வீடியோ. பின்னணியில் சோக வயலின், கீழே 'யாருமற்ற ஜீவன்' என்று ஒரு வரி. பெரியம்மா அழுகிற முகம் போட்டுவிட்டார். அங்கே மறுத்துப் பேசினால் சண்டைதான், அதனால் இங்கே எழுதுகிறேன்.

லிங்க்ஸ் பதுங்கிப் பாய்கிற மிருகம், ஓநாய்க் கூட்டம் மாதிரி நெடுந்தூரம் துரத்தாது. சத்தமில்லாமல் நெருங்க வேண்டிய வேலையில் கூட ஒரு ஆள் இருந்தால் இடைஞ்சல்தானே. ஐரோப்பாவில் அது அதிகம் அடிப்பது ரோ என்ற சிறு மானை. ஒரே இரவில் தின்று தீராது என்பதால் மிச்சத்தைப் பனியோ சருகோ தள்ளி மூடிவிட்டு, பகலில் எங்காவது ஒதுங்கிப் படுத்து, இருட்டியதும் திரும்ப வந்து உட்காரும், சில நாளைக்கு இதே கதைதான். இதில் சோகம் எங்கே இருக்கிறது?

அக்கம்பக்கம் தெரியாமலும் அது வாழ்வதில்லை. பாறையிலும் அடிமரத்திலும் சிறுநீர் தெளித்துவிட்டுப் போகும், அடுத்து வருவது மோந்து பார்த்து யார் போனது என்று தெரிந்துகொள்ளும். குளிர்கால முடிவில் ஆணும் பெண்ணும் சில நாள் சேர்ந்து திரியும், அப்புறம் அவரவர் வழி. குட்டிகள் கிட்டத்தட்ட பத்து மாதம் தாயோடு இருக்கும், ஆக பெண் லிங்க்ஸ் வருடத்தில் பெரும்பகுதி தனியாகவே இல்லை.

கூடிப் பிறந்தாலும் பாசம் பொங்கும் என்று நினைக்காதீர்கள். 2005 மார்ச்சில் ஸ்பெயினில் சலியேகா என்ற ஐபீரிய லிங்க்ஸ் மூன்று குட்டி போட்டது. மனிதப் பராமரிப்பில் அந்த இனம் ஈன்றது அதுதான் முதல் தடவை, எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ஆறு வாரம் போல ஆனதும் குட்டிகளுக்குள் சண்டை மூண்டு ஒன்று செத்தே போனது.

பரிதாபப்படத்தான் வேண்டுமென்றால் அதற்கு நிலம் போதாததற்காகப் பரிதாபப்படுங்கள். நார்வேயில் ஒரு ஆண் லிங்க்ஸின் எல்லை ஆயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. நம் சிங்கப்பூர் மொத்தமே 735 சொச்சம், துவாஸ் முதல் சாங்கி வரை எழுதிக் கொடுத்தாலும் அதற்குப் பத்தாது! நடுவில் ஒரு நெடுஞ்சாலை போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஐபீரிய லிங்க்ஸ் 2002 வாக்கில் நூறுக்கும் குறைவாக இருந்து, 2024இல் 'அருகிவரும்' பட்டியலிலிருந்து ஒரு படி மீண்டது என்றால், அதன் இரையான முயல் பெருகியதும் காடு திரும்பியதும் அதற்குப் பெரிய காரணம். வயலின் யாரும் வாசிக்கவில்லை.

நம்மிடமும் ஒரு தனியாள் உண்டு, சிறுத்தைப் பூனை. தேசிய சேவைக்குப் போன நம் பையன்கள் உருண்டு புரண்ட அதே தெக்கோங் தீவில்தான் அது இரவில் எலி பிடித்துத் திரிகிறது, பார்த்தவர்கள் மிகக் குறைவு. நீங்கள் பார்த்திருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். எந்த இடம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மறுநாளே கேமராவோடு ஒரு படை கிளம்பிவிடும்.