பி.எஸ்சி. இயற்பியல் படித்தால் வானியலுக்கு வழி இல்லையா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "வானியல் ஆராய்ச்சிக்கு பி.டெக். மட்டுமே வழி, பி.எஸ்சி. இயற்பியல் உதவாது." கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி இதை நம்பிப் பேத்தியின் விண்ணப்பத்தையே நிறுத்தி வைத்திருக்கிறார்.

தகவல் தவறு. இஸ்ரோவின் விஞ்ஞானி வேலைகளில் பெரும்பகுதி பொறியியல் படித்தவர்களுக்குத்தான். அந்த அரை உண்மை இப்படி ஊதிப் பெரிதாகிவிட்டது போல. ராக்கெட் செய்வது வேறு, விண்மீனை ஆராய்வது வேறு. விண்மீன்களை ஆராய்ந்து 1983-ல் நோபல் பெற்ற சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது இயற்பியல்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்கை ஏற்றி, நிறமாலைமானியில் (ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி) கீற்றணி, அதாவது நெருக்கமாகக் கோடுகளிட்ட தகடு, வைத்துப் பாருங்கள். மஞ்சளில் ஒட்டினாற்போல் இரண்டு கோடுகள்: 589.0, 589.6 நானோமீட்டர். சூரிய நிறமாலையில் அதே இடத்தில் கருங்கோடுகள்; அங்குள்ள சோடியம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. சூரியனில் சோடியம் உண்டென்று கண்டது இப்படித்தான். ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்கிற அந்தச் சோதனையே வானியல்தான்.

சரி, அடுத்து? ஜாம் (எம்.எஸ்சி. சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு) எழுதி ஐ.ஐ.டி. இந்தூரில் எம்.எஸ்சி. வானியல் சேரலாம். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஜெஸ்ட் (ஆராய்ச்சிப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதினால் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் ஆராய்ச்சிக்கு முயலலாம். அப்புறம், அந்த நிறுவனத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பது நம் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில்.