மல்யுத்தத்தை நாடகமாக்கியவர் மக்மஹோன் அல்லர்

"1980கள் வரை தொழில்முறை மல்யுத்தம் உண்மையான போட்டியாகவே இருந்தது, இன்று WWE எனப்படும் அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தை நடத்திய வின்ஸ் மக்மஹோன்தான் அதை நாடகமாக்கினார்" என்று சிலர் சொல்வது தவறு. 1908இல் சிகாகோவில் ஃபிராங்க் காட்ச்சும் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட்டும் இரண்டு மணி நேரம் மோதியது உண்மையான போட்டியென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் பந்தயப் பணத்துக்காக முடிவைப் பேசிவைத்து ஆடும் வழக்கம் அப்போதே இருந்தது. 1916இல் ஒமாஹாவில் ஜோ ஸ்டெக்கரும் எட் லூயிஸும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தபிடியில் கிடந்து, வெற்றி தோல்வியின்றி முடித்தார்கள். இதைக் காசு கொடுத்து எத்தனை பேர் மீண்டும் பார்ப்பார்கள்? 1920களில் லூயிஸ், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் ஆகிய மூவரும் விறுவிறுப்பான அசைவுகளையும் நேர வரம்பையும் முன்தீர்மானித்த முடிவுகளையும் இணைத்து, ஊர் ஊராகச் செல்லும் காட்சியாக இத்தொழிலை மாற்றியமைத்தார்கள். 1925இல் அவர்கள் பட்டம் சூட்டிய அமெரிக்கக் கால்பந்து வீரர் வேய்ன் மன்னை, தோற்பதாக ஒப்புக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ வாக்கு மீறி உண்மையாகவே வீழ்த்தினார் என்பது, முடிவுகள் அப்போதே பேசிவைக்கப்பட்டன என்பதற்குப் போதுமான சான்று. மக்மஹோனின் நிறுவனம் 1989இல் நியூ ஜெர்சியில் செய்தது, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, இது பொழுதுபோக்கே என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது மட்டுமே.