துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களே!

இன்றைக்கும் இடம் கிடைக்கவில்லை. கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கிரீஸ் பக்கத்து ஏஜியன் கடலில் ஓடிக்கொண்டே இருக்கிற நாள். எல்லாரும் மேல்தளத்துக்குத்தான் வருவார்கள் என்று காபிகூடக் குடிக்காமல் ஏறி வந்தேன். மணி ஏழுகூட ஆகவில்லை. நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த சாய்வு நாற்காலி அத்தனையிலும் நீலத் துண்டு. ஆள் ஒருவர்கூட இல்லை. ஒன்றின்மேல் ஒற்றைச் செருப்பு, அடுத்ததில் ஒரு தலைக் கிளிப், அதற்கடுத்ததில் பாதி தீர்ந்த சன்ஸ்கிரீன் டியூப்.

18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் ஏறும் கப்பல் இது. குழந்தைகள் இருந்தால் தொந்தரவாம். குழந்தைகள் கத்துவார்கள், தண்ணீரை வாரி இறைப்பார்கள், உண்மைதான். ஆனால் "கண்ணா, கொஞ்சம் எழுந்திரு, பாட்டி உட்காரட்டும்" என்றால் எழுந்துவிடுவார்கள். இவர்களை எப்படி எழுப்புவது? ஆளே இல்லையே!

ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. செருப்புக்குச் சொந்தக்காரர் வரவில்லை. பத்தாயிற்று, கிளிப்புக்குச் சொந்தக்காரியும் வரவில்லை. நான் முட்டி வலியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பத்தரைக்கு மேல் பொறுக்க முடியாமல் கிளிப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, வந்துவிட்டார் அந்த அம்மாள். கையில் தட்டு, வாயில் ரொட்டி.

"இது என் இடம்."

"எப்போதிலிருந்து?"

"விடியற்காலையிலேயே பிடித்துவிட்டேன்."

விடியற்காலையில் துண்டைப் போட்டுவிட்டு, போய்த் தூங்கி, எழுந்து, குளித்து, சாப்பிட்டு வந்திருக்கிறார்! 30 நிமிடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் துண்டு அகற்றப்படும் என்று அங்கேயே எழுதி வைத்திருந்த பலகையைக் காட்டினேன். "இப்போதுதான் எழுந்து போனேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்றரை மணி நேரமாக அங்கேயே நிற்கிற என்னிடம்! நம் ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்கூட அடுத்த நிமிடம் முண்டியடித்து ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்.

துண்டு கொடுக்கிற பையன் ஓடிவந்து எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. வீட்டைப் பிரிந்து மாதக்கணக்காகக் கடலில் உழைக்கிறவன், துண்டை எடுத்தால் யாராவது புகார் எழுதிவிடுவார்களோ என்று பயப்படுகிறான். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது யார்? பலகையை மாட்டிய நிர்வாகம்தானே? எழுதிய விதியை நடத்திக் காட்ட மனமில்லாவிட்டால் பலகை எதற்கு? கிரீஸின் ரோட்ஸ் தீவில் ஒரு விடுதியில் இதே துண்டுத் தொல்லை. ஊர் திரும்பிய ஜெர்மானியர் ஒருவர் வழக்குப் போட்டார். 2023 டிசம்பரில் ஜெர்மனியின் ஹன்னோவர் நகர நீதிமன்றம், பயண நிறுவனம் அவருக்கு 300 யூரோவுக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

அப்புறம் இன்னொன்று. தனியாகப் போகிறவர்களிடம் அறைக்கு இரண்டு பேர் கட்டணத்தை வாங்குகிறார்களே, அதை யார் கேட்பது? சாப்பிடுவது ஒரு ஆள், படுப்பது ஒரு ஆள், காசு மட்டும் இரண்டு ஆளுக்கு. கணவனை இழந்தவர், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவர், எல்லாருக்கும் இதே தண்டம். இரண்டு பேர் பணத்தைக் கட்டிவிட்டு நான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன்!