கோபம் இருக்கும் இடத்தில் குணம் இருக்குமாம்!

இந்தப் பழமொழியை உண்டாக்கியவர் கத்துகிற கூட்டத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். வசவு வாங்கியவர் நிச்சயமாக இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னோடு சம பதவியில் இருந்த ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று கத்தினார். ஓர் அறிக்கையில் நான் ஓர் எண்ணைப் பிழையாகப் போட்டிருந்தேன். பிழை என்னுடையதுதான், மறுக்கவில்லை. காகிதக் கட்டை ஓங்கி மேசையில் அடித்தார். "உன்னையெல்லாம் யார் வேலைக்கு எடுத்தது?" என்றார். சுற்றிலும் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து அவருடைய கைபேசி ஒலித்தது. மேலாளர். "சொல்லுங்கள் சார்" என்றார் பாருங்கள், குரலில் தேன் வடிந்தது! இரண்டு நிமிடம் பணிவாகப் பேசிவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டவர், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார்.

தன்னை மறந்த கோபம் என்று இனி எவரும் என்னிடம் சொல்ல முடியாது. யாரிடம் செல்லுபடியாகும், யாரிடம் ஆகாது என்று அந்தக் கோபத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவர் போன பிறகு நான்கைந்து பேர் ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொன்னார்கள். "அவர் அப்படித்தான், மனத்தில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்." உண்மைதான். வைத்துக்கொள்வதெல்லாம் நம் மனத்தில் அல்லவா? அன்று அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நான் மூன்று நாள் அந்த ஒரு வரியை மென்றுகொண்டிருந்தேன். கத்தலைவிட, கத்தும்போது கணினித் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நான்கைந்து பேர்தான் இன்றும் எனக்கு உறுத்துகிறார்கள்.

இதனால் வேலையாவது ஒழுங்காக நடக்கிறதா? இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2015இல் வெளிவந்தது. பயிற்சிக்காக அமைத்த ஒரு சிகிச்சைச் சூழலில் சில குழுக்களிடம் மட்டும் வெளியிலிருந்து ஒரு நிபுணர் மட்டம் தட்டிப் பேசினார். கத்தவில்லை, மிரட்டவில்லை, வெறும் மரியாதைக் குறைவு. அதற்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் பின்தங்கின. காரணம் எளிது: ஒருவரிடம் ஒருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோயின. என் கதையும் இதுதான். அதற்குப் பின் என் கண்ணில் பட்ட இரண்டு பிழைகளை நான் அவரிடம் சொல்லவில்லை. வாயைத் திறப்பானேன், வாங்கிக் கட்டிக்கொள்வானேன்?

"ஒரே ஒரு தடவைதானே" என்பார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை, பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் வரையறுக்கும்போது, ஒருமுறை நடந்தாலும் திரும்பத் திரும்ப நடந்தாலும் என்றே சொல்கிறது. உடல் தீங்கோடு மனத் தீங்கையும் சேர்த்தே சொல்கிறது.

எனக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன். பதிலுக்குக் கத்தியும் பார்த்தேன். "இரண்டு பேருக்கும் ஆகாது" என்று பெயர் வந்ததுதான் மிச்சம். அடுத்த முறை எழுந்து நின்றேன். "பிழையைப் பற்றிப் பேசலாம். இந்தக் குரலில் என்றால் பேச மாட்டேன். பத்து நிமிடம் கழித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். கால் நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அன்று மாலையே தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். "கண்டபடி திட்டினார்" என்று புகார் எழுதினால் அது கிடப்பில் கிடக்கும். அவர் சொன்னதை அப்படியே எழுதினால், படிக்கிறவர் நெளிவார்.

நிர்வாகம் என்ன சொல்லும் தெரியுமா? "இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்." மிரட்டியவரையும் மிரண்டவரையும் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவதற்குப் பெயர் சமரசமாம்! மூன்றாவது ஆள் ஒருவர் இல்லாமல் அந்த அறைக்குள் போகவே போகாதீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. சென்ற ஆண்டு, வேலை நெருக்கடியில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் எல்லார் முன்னிலையிலும் நானும் குரலை உயர்த்தினேன். மாலையில் தனியாக அழைத்து வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை சார்" என்றார். சற்றுத் தயங்கி, "திட்டியதை எல்லாரும் கேட்டார்கள். இதை நான் மட்டும்தானே கேட்கிறேன்?" என்றார்.

மறுநாள் காலை எல்லாரும் வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு அவருடைய மேசைக்குப் போய், நேற்றுப் பேசியது தவறு என்று அதே சத்தத்தில் சொன்னேன்.