கட்டணம் வாங்காத வேலையையும் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் நடந்த கூட்டத்தின் காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; அதைப் பற்றி எனக்கு வந்த செய்திகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியாததால் இங்கே எழுதுகிறேன். தொண்டு நிறுவனங்களுக்குக் கட்டணமின்றி உதவ முன்வரும் வழக்கறிஞர்களுக்கான பயிற்சி என்றுதான் அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். காலை முழுவதும் சேவையின் பெருமை பேசப்பட்டது, சால்வைகள் போர்த்தப்பட்டன, சாப்பாட்டுக்குப் பிறகு சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பயிற்சி எப்போது என்று நான் எழுந்து கேட்டேன். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, அம்மா" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அரங்கம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன், ஆனால் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை, இப்போதும் பெறப்போவதில்லை.

கட்டணம் வாங்காமல் செய்கிற வேலையையும் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வழக்கறிஞர்களை நான் அவமதித்துவிட்டதாக எழுதியவர்கள் இந்த ஒரு வாக்கியத்தில் அவமதிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டட்டும்.

பென்னாகரம் பக்கம் நாங்கள் மாலைப் பள்ளிகள் நடத்துவது பலருக்குத் தெரியும். எங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞர் ஒரு ரூபாய்கூட வாங்காமல் எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், உரிமையியல் வழக்குகளில் கைதேர்ந்தவர். தன்னிடம் இருந்த ஒரு குடும்ப அறக்கட்டளையின் மாதிரியை எடுத்து, பெயர்களை மாற்றி, நோக்கங்களைச் சேர்த்துத் தந்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆகிவிட்டது. வருமான வரித் துறையின் தற்காலிகப் பதிவு விசாரணை இல்லாமலே கிடைப்பதால் அப்போதும் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் முறையான 12ஏபி பதிவுக்கும், நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஒப்புதலுக்கும் விண்ணப்பித்தபோதுதான் கேள்விகள் வந்தன. அறக்கட்டளையைக் கலைக்க நேர்ந்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற விதி பத்திரத்தில் எங்கே? இது திரும்பப் பெற முடியாத அறக்கட்டளை என்று எங்கே எழுதியிருக்கிறது? இரண்டுமே இல்லை. சரி, திருத்திவிடலாம் என்று பார்த்தால், பத்திரத்தைத் திருத்தும் அதிகாரத்தைத் தரும் விதியும் அதில் இல்லை. அந்த அதிகாரம் பத்திரத்திலேயே தரப்படாவிட்டால் அறங்காவலர்கள் கூடிப் பேசித் தாங்களாகத் திருத்திக்கொள்ள முடியாது. பொது அறக்கட்டளையாக இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி அனுமதி பெற்று நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நாங்கள் போனோம்.

அந்தச் சமயத்தில் ஓசூரில் உள்ள ஒரு தொழிற்சாலை எங்கள் பள்ளிகளுக்கு நூலகமும் கழிப்பறையும் கட்டித் தருவதற்குத் தன் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை ஒதுக்கத் தயாராக இருந்தது. அந்த நிதியைப் பெறும் அறக்கட்டளைக்கு வருமான வரிப் பதிவும் 80ஜி ஒப்புதலும் வேண்டும், அவற்றைக் காட்டி நிறுவன விவகார அமைச்சகத்திடம் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு பெற வேண்டும். இது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். எங்கள் தற்காலிகப் பதிவின் காலம் முடியும் நிலையில் இருந்ததால் முறையான பதிவு வந்த பிறகு பேசலாம் என்றார்கள். நிதியாண்டு முடிந்தது, பணம் வேறு இடத்துக்குப் போனது. அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. பத்திரம் எழுதித் தந்தவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை, இன்றும் அவரைக் கண்டால் வணங்கிவிட்டுத்தான் பேசுகிறேன். அவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் வருத்தம். இரண்டு மணி நேரம் யாராவது உட்கார்ந்து சொல்லித் தந்திருந்தால் மூன்று பத்திகள் கூடுதலாக எழுதியிருப்பார். பெண் குழந்தைகள் இருட்டிய பிறகு கழிப்பறை தேடி ஓடைப் பக்கம் போக வேண்டியிருந்திருக்காது.

தானமாக வந்த மாட்டின் பல்லைப் பார்க்க வேண்டாம் என்றால், எங்கள் வீட்டு மாடாக இருந்தால் நானும் பார்க்க மாட்டேன். இதைக் கட்டி உழப்போவது என் நிலத்தில் அல்ல.

"அறக்கட்டளைகளுக்குத்தான் வெளிநாட்டுப் பணம் கொட்டுகிறதே, காசு கொடுத்து வக்கீல் வைத்துக்கொள்ளட்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரூர் மலைகளிலும் அஞ்செட்டி, தளி பக்கத்துக் கிராமங்களிலும் வேலை செய்கிற சிறிய அமைப்புகளின் கணக்குப் புத்தகத்தை அவர் ஒருமுறை பார்த்தால் நல்லது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை பெறும் ஒரு நிறுவனம் அதில் ஒரு பகுதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவே முடியாது. சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய அமைப்புகளிடமிருந்து எங்களைப் போன்றவர்களுக்குக் கசிந்து வந்ததும் அதோடு நின்றது. அனுமதி பெற்று வைத்திருப்பவர்களுக்கும் நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. வழக்கறிஞர் கட்டணம் அந்த நிர்வாகச் செலவுக்குள்தான் வருகிறது. கொட்டுகிற பணம் எங்கே என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

இலவசச் சட்ட உதவி தர மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறதே என்கிறார்கள். அதற்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உதவி பெறத் தகுதியானவர்களாகப் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், வருமானம் குறைந்தோர் என்று தனி மனிதர்களைச் சொல்கிறது. அவர்களுக்காக உழைக்கிற அமைப்பு தன் பத்திரத்தைச் சரிபார்க்க அங்கே போய் வரிசையில் நிற்க முடியாது.

இளம் வழக்கறிஞர்களுக்கே வருமானம் இல்லை, அவர்களை இலவசமாக வேறு உழைக்கச் சொல்வதா என்ற கேள்விக்கு மட்டும் நான் தலை வணங்குகிறேன். ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரையாவது கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்ல வேண்டிய நிலை இருந்தது என்றால், அவர்கள் படும் பாடு விளங்கும். ஆனால் அவர்களுக்காகவும்தான் பேசுகிறேன். அறக்கட்டளையின் வருமான வரிப் பதிவு ஐந்தாண்டுக்கு உரியது, காலம் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும், 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சிறிய அறக்கட்டளைகளுக்கு அதைப் பத்தாண்டாக நீட்டியிருக்கிறது என்பதையெல்லாம் கற்றுக்கொண்ட ஜூனியரிடம் நாளைக்குக் கட்டணம் கொடுக்கக்கூடிய அறக்கட்டளைகளும் தேடி வரும். சான்றிதழைப் பார்த்து யாரும் வரப்போவதில்லை.

பத்திரமும் வரியும் போகட்டும். என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. எங்களைப் போன்ற ஓர் அமைப்பின் மாலைப் பள்ளியில் ஒரு சிறுமி தனக்கு நேர்ந்ததை ஆசிரியையிடம் சொன்னாள். ஆசிரியை பயந்து, உதவி செய்வதாகச் சொல்லியிருந்த ஒரு வழக்கறிஞரைக் கேட்டார். முதலில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், காவல் நிலையத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்றார் அவர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி விஷயம் தெரிந்த எவரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. வேறொருவர் சரியாகச் சொன்னதால் அந்த ஆசிரியை தப்பினார். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசியிருந்தால் எங்கள் ஊர்ப்பக்கம் அந்தக் குழந்தைக்கு என்ன முடிவு எடுத்திருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இங்கே குழந்தைத் திருமணங்களைத் தடுக்க ஓடுகிறவர்களுக்குத் தெரியும். இந்த ஆலோசனையும் இலவசமாகத் தரப்பட்டதுதான். இதன் பல்லையும் பார்க்கக் கூடாதா?

கட்டணமில்லாத உழைப்பின் அருமை தெரியாதவள் என்று என்னைச் சொன்னதுதான் அதிகம் வலிக்கிறது. வாச்சாத்தி இருக்கிற மாவட்டத்தில் பிறந்தவள் நான். அங்கே பழங்குடி மக்களுக்கு வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் 1992 ஜூன் 20இல் இழைத்த கொடுமைக்கு 2011 செப்டம்பரில்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அன்று உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை ஆண்டுகள் அந்த மக்களோடு நின்றவர்களில் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அவர்கள் கருணையால் மட்டும் அந்த வழக்கை வெல்லவில்லை. ஒவ்வொரு சாட்சியத்தையும் ஒவ்வொரு ஆவணத்தையும் தெரிந்து வைத்திருந்தார்கள். ஏழைகளின் வழக்கு என்பதால் குறைவாகப் படித்தால் போதும் என்று அவர்களில் ஒருவராவது நினைத்திருப்பாரா?

பணம் கொடுக்கிற கட்சிக்காரருக்கு ஒரு தரம், கொடுக்க முடியாதவர்களுக்கு ஒரு தரம் என்று மேடையில் யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டதும் எழுந்த சிரிப்பில் அதுதான் இருந்தது. நாங்கள் கை நீட்டுகிறவர்கள், போட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. இலவச உதவி வழக்கறிஞரின் மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதியே சொல்கிறது. அந்த விதியை அன்று மேடையில் வாசித்தவர்தான் எனக்கு மாட்டுப் பழமொழியும் சொன்னார்.

கூட்டம் நடத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த கூட்டம் தருமபுரியில் என்று அறிவித்திருக்கிறீர்கள். 2017இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி அங்கேயே இருக்கிறது, மாணவர்களையும் அழையுங்கள். சால்வைக்கான நேரத்தில் பாதியைக் குறைத்து, அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமில்லாமல் நிறுவனச் சட்டத்தின்கீழ் தொடங்கும் எட்டாம் பிரிவு நிறுவனம் ஆகிய மூன்றில் எது யாருக்குப் பொருந்தும் என்று தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். போக்சோவுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாடம் நடத்த மாதிரிப் பத்திரம் இல்லையென்றால் எங்களுடையதைக் கொண்டுவருகிறேன், நீதிமன்ற ஆணையோடு சேர்த்து. வந்திருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை நகல்களை என் செலவிலேயே எடுத்துத் தருகிறேன்.