510510: கால்குலேட்டரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

510510. பார்த்தால் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பக்கத்து அஞ்சல் குறியீடு மாதிரி இருக்கும். உயர்நிலை ஒன்றில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து, பகாக் காரணிகளைக் கேளுங்கள். கை நேரே கால்குலேட்டருக்குப் போகும். சில கேசியோ மாடல்களில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. விடை வந்துவிடும், எண்ணின் கட்டமைப்பு மட்டும் பிடிபடாது. கையால் பிரிக்கப் பழக்குவதற்கு முன்பே பொத்தானைக் காட்டிக்கொடுப்பது தவறு என்பேன்.

510 இரண்டு முறை வருகிறது, அதுதான் முதலில் கண்ணில் பட வேண்டும். மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வந்தால் அது 1001-இன் மடங்கு. 1001 = 7 × 11 × 13. மீதமுள்ள 510 = 2 × 3 × 5 × 17. முதல் ஏழு பகா எண்களும் ஆளுக்கொரு முறை வந்தாயிற்று, நெடுவகுத்தல் இல்லாமலேயே.

இந்த 1001 மற்ற பெரிய எண்களுக்கும் உதவும். வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழியுங்கள். வருவது 7-ஆல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். 11, 13-க்கும் அப்படியே. 12345333-ஐ எடுத்தால் 12 − 345 + 333 = 0, ஆக மூன்றாலும் வகுபடும். பலர் சறுக்குவது பிரிக்கும் இடத்தில்தான். இடப்பக்கத்திலிருந்து பிரித்தால் 123 − 453 + 33 = −297 என்று வரும், 7 போகாது. 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு என்பதால்தான் இந்த வழி நடக்கிறது. ஆயிரத்தின் எல்லையோ வலமிருந்துதான் தொடங்குகிறது.

காரணிகள் எத்தனை? எழுதி எண்ண வேண்டாம். தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு, ஏழு கறி. ஒவ்வொன்றையும் வாங்கலாம், விடலாம். 2-ஐ ஏழு முறை பெருக்கினால் 128. 510510-க்கும் 128 காரணிகள்தான். ஆனால் ஒரு பகா எண் இருமுறை வந்தால் அதற்கு மூன்று வழிகள்: விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம். அதனால் இதன் இரட்டிப்பான 1021020-க்கு 3 × 64 = 192. 256 என்று எழுதி மதிப்பெண்ணை விடாதீர்கள்.

இன்னொரு அழகு: 510510 = 714 × 715. 714-இன் பகாக் காரணிகள் 2, 3, 7, 17. 715-க்கு 5, 11, 13. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கூட்டினாலும் 29. அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை ஹாங்க் ஆரன் 1974-இல் 715-ஆவதை அடித்து முறியடித்ததால், இப்படிப்பட்ட அடுத்தடுத்த எண்களுக்கு ரூத்–ஆரன் சோடி என்று பெயர்.

கடைசியாக, பாடம் நன்றாகத் தெரிந்தவர்களும் செய்யும் பிழை. பகா எண்களை வரிசையாகப் பெருக்கி 1 கூட்டினால் பகா எண் வரும் என்று நினைப்பது. 3, 7, 31, 211, 2311 வரை சரியாகவே வரும், ஏமாற்றுவதும் அதுதான். அடுத்த 30031 = 59 × 509. அதற்கடுத்த 510511-ஐ 2 முதல் 17 வரை எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் மீதி 1 என்பது மட்டும்தான் உறுதி. பகா எண்களுக்கு முடிவில்லை என்று இந்த வழியில் நிறுவிய யூக்ளிட்கூட, 17-ஐவிடப் பெரிய பகா எண் வகுக்காது என்று சொல்லவில்லை. வர்க்கமூலம் 714-க்குச் சற்று மேல், அதுவரை சோதிக்க வேண்டும். ஆனால் 19-லேயே மாட்டிக்கொள்கிறது: 510511 = 19 × 26869. அந்த 26869-ஐ 163 வரை சோதித்தால் போதும். 97 × 277.