ஒரு டாலர் கட்டணத்தை மறுத்த மேடை

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் கோடைதோறும் நடக்கும் ஷேக்ஸ்பியர் நாடக விழாவைப் பற்றி நண்பர்கள் எழுதும்போதெல்லாம், அங்கே நடித்த திரை நட்சத்திரங்களின் பெயர்களே முதலில் வந்து நிற்கின்றன. அந்த விழா யாருக்காகத் தொடங்கப்பட்டது, எந்த வழக்கில் பிழைத்தது என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. என்னைப் பொறுத்தவரை, அந்த விழாவின் வரலாறு என்பது அதன் நுழைவுச்சீட்டின் வரலாறுதான். அந்தச் சீட்டுக்கு இன்றுவரை விலை வைக்கப்படவில்லை.

விழாவைத் தொடங்கிய ஜோசப் பாப், 1921-இல் புரூக்ளினில், வீட்டில் இத்திஷ் மொழி பேசிய ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பயணப் பெட்டிகள் செய்யும் தொழிலாளி. பணம் கொடுத்து நாடகம் பார்க்கும் வசதி இல்லாத அந்தச் சிறுவனுக்கு ஷேக்ஸ்பியர் கிடைத்தது பொது நூலகத்தில். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால் அவர் பிற்காலத்தில் பிடித்த பிடிவாதங்கள் எல்லாமே விளங்கிவிடும். நூலகத்தில் புத்தகம் எடுக்க யாரும் காசு கேட்பதில்லை. நாடகமும் அப்படியே இருக்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்.

தமிழில் நாம் 'இலவசம்' என்று சொல்லும்போது அதில் ஒரு கொடுப்பவரும் ஒரு வாங்குபவரும் வந்துவிடுகிறார்கள். வாங்குபவரின் கை சற்றுத் தாழ்ந்திருக்கிறது. பாப் நினைத்தது அதை அல்ல. ஊர்ப் பொதுக்குளத்தில் தண்ணீர் மொள்பவரை யாரும் 'இலவசமாக மொண்டார்' என்று சொல்வதில்லையே, அந்தப் பொருளில் அவர் நாடகத்தைப் பொதுவாக்க விரும்பினார்.

1954-இல், மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் இருந்த ஒரு தேவாலயத்தின் கூடத்தில் அவருடைய ஷேக்ஸ்பியர் பயிலரங்கம் தொடங்கியது. அப்போது அவர் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அரங்க மேலாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956 கோடையில், அந்த உழைக்கும் மக்களின் வட்டாரத்திலேயே கிழக்கு ஆற்றங்கரைப் பூங்காவில் இருந்த திறந்தவெளி அரங்கில் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைக் கட்டணமின்றி மேடையேற்றினார். 1957-இல் அவர் ஒருபடி மேலே போய், மேடையையே ஒரு சரக்கு வண்டியின் மீது ஏற்றி, 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தை நகரத்தின் ஐந்து நிர்வாகப் பகுதிகளுக்கும் கொண்டுசென்றார். அந்த வண்டி சென்ட்ரல் பார்க்கில், பெல்வெடேர் கோட்டைக்குக் கீழே இருக்கும் குளத்தருகே பழுதாகி நின்றுவிட்டதாகவும், விழா அங்கேயே வேர்விட்டதாகவும் சொல்வார்கள். அழகான கதைதான். ஆனாலும் நாடகம் மக்களைத் தேடிப் போன காலம் அந்த இடத்தில்தான் முடிந்து, மக்கள் நாடகத்தைத் தேடி வரும் காலம் தொடங்கியது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் பாப்புக்குக் கடினமானவை. 1958 ஜூனில், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரை அழைத்தது. மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். சி.பி.எஸ். அவரை வேலையிலிருந்து நீக்கியது. நடுவர் விசாரணைக்குப் போய் அந்த வேலையைத் திரும்பப் பெற்றார். 1959-இல் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் குறுக்கே வந்தார். நியூயார்க்கின் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் நிர்ணயித்த மோசஸை எதிர்த்து நிற்க மேயர்களே தயங்கிய காலம் அது. நாடகம் பார்க்க வரும் கூட்டத்தால் புல்தரை பாழாகிறது, அதைப் பராமரிக்கும் செலவுக்காகப் பார்வையாளர்களிடம் ஒரு டாலர், இரண்டு டாலர் எனக் கட்டணம் வாங்கினால்தான் அனுமதி என்றார். பாப்பின் அரசியல் பின்னணியைப் பற்றிய கையெழுத்தில்லாத ஒரு கடிதத்தையும் அவர் சுற்றுக்கு விட்டார்.

ஒரு டாலர்தானே, வாங்கிவிட்டு விழாவை நடத்தியிருக்கலாமே என்று இன்று யாரேனும் கேட்கக்கூடும். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது வாசலில் ஒருவரை நிற்க வைத்துவிடுகிறது. உள்ளே வருபவர் அன்று முதல் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். நான்கு பிள்ளைகளோடு வரும் ஒரு தாய் ஐந்து டாலர் எண்ணிக் கொடுக்க வேண்டுமென்றால் அவர் வேறு எங்காவது போய்விடுவார், அல்லது வீட்டிலேயே இருந்துவிடுவார். பாப் வழக்குத் தொடுத்தார். கீழமை நீதிமன்றத்தில் தோற்றார். மேல்முறையீட்டில், கட்டணம் வாங்கச் சொல்வது தன்னிச்சையானது, நியாயமற்றது என்று 1959 ஜூனில் தீர்ப்பு வந்தது. உடனே மோசஸ் தரையைச் சீரமைக்க 20,000 டாலர் வேண்டும் என்றார். இரண்டு கொடையாளர்கள் ஆளுக்கு 10,000 கொடுத்தார்கள். அந்தக் கோடையின் பெரும்பகுதி கடந்துவிட்டிருந்தது. இருந்தும் ஆகஸ்டில் 'ஜூலியஸ் சீசர்' மேடையேறியது.

வழக்கில் தோற்ற மோசஸே பின்னர் நிலையான அரங்கு கட்டுவதற்கு நகர நிர்வாகத்திடம் நிதி கேட்டார் என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். நகரத்தின் பணத்தோடு, பதிப்பாளர் ஜார்ஜ் டெலகோர்ட் கொடுத்த 1,50,000 டாலரும் சேர்ந்து, ஏறத்தாழ 1,800 இருக்கைகள் கொண்ட டெலகோர்ட் அரங்கு உருவானது. 1962 ஜூனில் 'வெனிஸ் வணிகன்' நாடகத்துடன் அது திறக்கப்பட்டது; அதில் வரும் யூத வட்டிக்காரன் ஷைலாக்காக ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்தார். தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பப்படுவதை நியூயார்க்கின் யூத மதகுருமார் அமைப்பு எதிர்த்தது. யூதக் குடும்பத்தில் பிறந்த பாப் பின்வாங்கவில்லை. மேடையில் யார் நிற்கலாம் என்பதிலும் அவர் அதே உறுதியுடன் இருந்தார். ஆங்கிலேயர் உச்சரிப்பு இல்லாமல், நியூயார்க் தெருக்களின் குரலிலேயே ஷேக்ஸ்பியர் பேசப்பட வேண்டும் என்றார். 1973-இல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் லியர் மன்னனாகவும், புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ரவுல் ஜூலியா எட்மண்டாகவும் அதே மேடையில் நின்றார்கள்.

பார்ப்பவருக்கு விலை இல்லையென்றால் செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள். பாப்பின் நிறுவனம் 1975-இல் உருவாக்கிய 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகம், நியூயார்க்கின் வணிக நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் பதினைந்து ஆண்டுகள் ஓடியது. அந்த வருமானம் நெடுங்காலம் அவருடைய பணிகளைத் தாங்கியது. 1991-இல் பாப் இறந்தார். அதற்குப் பின் கொடையாளர்களையும் பெரு நிறுவனங்களையும் நம்பியிருப்பதன் ஆபத்து 2017-இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சீசர் அன்றைய அமெரிக்க அதிபரின் சாயலில் வந்தார் என்பதற்காக டெல்டா விமான நிறுவனம் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்தத் தயாரிப்புக்கான நிதியை நிறுத்தியது. நாடகம் நிற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வரிசையில் நானும் நின்றேன். காலை ஆறு மணிக்குப் பூங்கா திறக்கும். நண்பகலில்தான் சீட்டு கொடுப்பார்கள், ஒருவருக்கு இரண்டு. ஆறு மணி நேரம் புல்லோரத்தில் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தபோது என்னைச் சுற்றிப் பார்த்தேன். ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள், என்னைப் போன்ற பயணிகள். அந்த நேரத்தில் அலுவலகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவரோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தவரோ அங்கே இல்லை, இருக்கவும் முடியாது. காசுக்குப் பதிலாக நேரம் கட்டணமாகிவிட்டிருந்தது. பணம் உள்ளவர்களுக்காகக் கூலிக்கு வரிசையில் நிற்பவர்கள் பெருகி, 2010-இல் அத்தகைய விளம்பரங்களை நிறுத்தும்படி மாநிலத் தலைமை வழக்கறிஞரே தலையிட வேண்டியிருந்தது. அன்று மாலை, ஏரிக்காற்றில் நாடகம் பார்த்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை இந்த எண்ணம் குறைக்கவில்லை. ஆனால் அது என்னை விட்டுப் போகவும் இல்லை.

இதனால்தான் அந்த வண்டியைப் பற்றி மறுபடி மறுபடி நினைக்கிறேன். நடமாடும் அரங்கை பாப் 1964-இல் மீண்டும் தெருக்களுக்கு அனுப்பினார். பின்னர் அது நின்றுபோனது. 2010-இல் அவருடைய நிறுவனம் அதற்கு உயிர் கொடுத்து, சிறைகளுக்கும் வீடற்றோர் விடுதிகளுக்கும் கொண்டுபோனது. டெலகோர்ட் அரங்கு 8.5 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்படுவதற்காக மூடப்பட்டிருந்த 2024 கோடையில், ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்த 'தவறுகளின் நகைச்சுவை' ஐந்து பகுதிகளின் பூங்காக்களுக்கும் போனது. 2025 ஆகஸ்டில் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்துடன் அரங்கு மறுபடி திறந்தபோது எல்லோரும் நட்சத்திரங்களைப் பற்றியும் புதிய மேடையைப் பற்றியும் எழுதினார்கள். அரங்கு திறந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. அதற்கான நிதியைத் திரட்டியவர்கள், அந்த வண்டிக்கான நிதியையும் ஒவ்வோர் ஆண்டும் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.